துண்டுக்குள் பதினெட்டு

அருங்காட்சியகக் காவலாளியின் வேலை என்பது, யாரும் திருட நினைக்காத பொருள்களை யாரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. ஜவுளிக்கடை, பேங்க் வாசல், கல்யாண மண்டபம் என்று நாள் முழுக்க நின்றே சம்பளம் வாங்குகிற உங்கள் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புரியும். கால் வலிப்பது பெரிதில்லை. நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாதவர்கள் தப்பாகப் பேசும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறதே, அந்த வலிக்குத்தான் தைலம் கிடையாது.

சங்கரன்கோவிலில் ஒரு பழைய பஞ்சு குடோனை வெள்ளையடித்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறது ஓர் அறக்கட்டளை. கற்சிலை, ஓலைச்சுவடி, பித்தளைப் பாத்திரம், துருப்பிடித்த வாள், சுவர் நிறையப் படங்கள். அங்கே நான் ஆறு வருஷமாகக் காவலாளி. பெயர் பெருமாள்சாமி. ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. டிக்கெட் கொடுப்பது செண்பகம். வாய் நீளம், மனசு நல்லது. எங்களுக்கு மேலே ஒரு காப்பாளர், இரண்டு எம்.ஏ. படித்தவர். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. வருகைப் பதிவேட்டில் என் பெயருக்குப் பதிலாக 'வாட்ச்மேன்' என்று மூன்று வருஷம் எழுதினவர் அவர்.

ஜெயிலில் சாமி

முதல் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நாகர் கல் இருக்கிறது. எங்கள் ஊரில் நாகரைக் கண்டால் சும்மா போகிறவர்கள் யாரும் இல்லை. ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் இங்கேயும் வரும். கோமதி அம்மன் சந்நிதியில் கும்பிட்ட கையோடு வந்து, கண்ணாடி முழுக்க மஞ்சளும் குங்குமமும் அப்பிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் ஈரத்துணியால் துடைப்பது நான்.

ஒருநாள் ஓர் அம்மாள் புற்றுமண்ணைக் குழைத்துக் கண்ணாடியில் பூசப்போனார். "தாயீ, இது கோயில் இல்ல, தொடக்கூடாது" என்றேன். கையை எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "கோயில்ல இருந்தாக் கும்பிடணும், கண்ணாடிக்குள்ள வச்சாக் கும்பிடக்கூடாதா? சாமி என்ன ஜெயில்லயா இருக்கு?"

கதவும் படமும்

மூன்றாவது அறையில், வாசலுக்கு நேர் எதிரே ஒரு படம் தொங்குகிறது. ஒரு பாய் அகலம் இருக்கும். வர்ணமே கிடையாது, முழுக்கக் கறுப்பு மைக்கோடு. வரைந்தது யார் என்று தெரியாது. நடுவில் இரண்டு ஆண்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவருடைய வலது கையும் சேர்ந்திருக்கிறது. கைகளின் மேல் ஒரு துணி சுற்றிக் கிடக்கிறது. பக்கத்தில் ஒருவன் காளையின் வாயைப் பிளக்கிறான். இன்னொருவன் ஒரு மாட்டின் வாலை முறுக்குகிறான். பின்னால் ஒருவன் தடியை ஊன்றிக்கொண்டு கடுகடுவென்று நிற்கிறான். சுற்றிலும் மாடுகள், நாலைந்து ஆடு, ஒரு நாய், மோர்ப்பானையோடு ஒரு பெண். கீழே அட்டை: 'பிடிபட்ட மாட்டுத் திருடர்கள். கைகள் துணியால் பிணைக்கப்பட்டுள்ளன. பின்னால் தடியுடன் காவலன். கால்நடைகளை வதைக்கும் காட்சியும் உள்ளது. தாளில் இந்திய மை.'

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்து முடித்ததும் காது சூடாகிவிட்டது. இருபத்தைந்து வருஷம் மாட்டுத் தரகனாக இருந்தவன் நான். சந்தையில் மாட்டு விலையை நாங்கள் வாயால் சொல்லமாட்டோம். விற்கிறவனுக்கு ஒரு தரகன், வாங்குகிறவனுக்கு ஒரு தரகன். இருவரும் கையைக் கோத்து, தோளில் கிடக்கும் துண்டை மேலே போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவோம். முதலில் ஒரு விரலைப் பிடித்தால் பத்து. அடுத்துக் கை முழுக்கப் பிடித்தால் ஐந்து. அதற்கு மேல் எத்தனை விரலோ அத்தனை. எல்லாம் ஆயிரத்தில். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. வாயைப் பிளக்கிறவன் பல்லை எண்ணி மாட்டின் வயசு பார்க்கிறான். வாலை முறுக்குகிறவன் மாட்டுக்கு வேகம் இருக்கிறதா என்று பார்க்கிறான். தடி ஊன்றினவன் மாட்டுக்காரன். தன் மாடு என்ன விலைக்குப் போகிறது என்று தனக்கே தெரியாமல் நிற்கிறவன் முகம் வேறு எப்படி இருக்கும்?

இத்தனையையும் காப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெருமாள்சாமி, நீங்க கதவைப் பாருங்க. படத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

அழியாத மை

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் வேனில் வந்தது. முகூர்த்தம் முடிந்து பந்தி நேரம் வரைக்கும் பொழுது போக வேண்டுமே, அதற்காக வந்தவர்கள். வெற்றிலை போட்ட ஒரு பெரியவர் அந்தப் படத்தின் முன்னால் நின்று, "கலர் அடிக்கதுக்குள்ள ஆளு செத்துப்போனாரா?" என்று கேட்டார். அது இந்திய மை, விளக்குக் கரியிலிருந்து எடுப்பது, கறுப்பு மட்டும்தான் வரும், காய்ந்துவிட்டால் தண்ணீர் பட்டாலும் கலையாது என்று சொன்னேன். இதெல்லாம் காப்பாளர் பெரிய மனிதர்களுக்குச் சொல்லும்போது நான் கதவோரம் நின்று காதில் வாங்கியது. பெரியவர் வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிவிட்டுச் சொன்னார்: "எலெக்சன்ல என் விரல்ல வச்ச மை மறுநாளே போயிட்டு. பேசாம அவங்களை இந்தாளுகிட்ட வாங்கச் சொல்லும்."

சிரிக்கிற திருடன்

சீருடை போடாமல், பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு போலீஸ்காரர் வந்தார். போலீஸ்காரர் என்று எப்படித் தெரியும் என்றால், டிக்கெட்டை நீட்டுவதற்கு முன்பே என் பெயர், ஊர் இரண்டையும் கேட்டுவிட்டார். படத்தின் அட்டையைப் படித்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். துணி கிடக்கிற கையைக் குனிந்து பார்த்தார்.

"இது கட்டே இல்லையே. முடிச்சு எங்க?" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நல்லாப் பாருங்க சார், இன்னும் என்னெல்லாம் தெரியுது?" என்று கிளப்பிவிட்டேன்.

அவர் இரண்டு பேரின் முகத்தையும் விரலால் காட்டினார். இடது பக்கத்து ஆள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறான். இத்தனை வருஷம் பார்த்த எனக்கே அது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. காப்பாளர் இந்தப் பக்கம் வரமாட்டாரா என்று நான் வாசலை வாசலைப் பார்த்தேன். வரவில்லை. போலீஸ்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, நான் எத்தனையோ திருடனைப் பிடிச்சிருக்கேன். மாட்டிக்கிட்டுச் சிரிச்ச திருடனை இதுவரைக்கும் பார்த்ததில்ல."

தள்ளி நில்லுங்க

வாரத்துக்கு ஒரு பள்ளிக்கூடமாவது வரும். இளையரசனேந்தல், குருவிகுளம் என்று மானாவாரிக் கிராமத்துப் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் மாடு இருக்கும், தாத்தா சந்தைக்குப் போயிருப்பார், துண்டுக்குள் விலை பேசியிருப்பார். அந்தப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அட்டையைச் சத்தமாக வாசிக்க வைப்பார்கள்: பிடிபட்ட மாட்டுத் திருடர்கள்!

ஒரு டீச்சர் அதை நீதிபோதனையாகவே நடத்தினார். "பார்த்தீங்களா, அடுத்தவங்க பொருளுக்கு ஆசைப்பட்டா இப்படித்தான் கையைக் கட்டி நிறுத்துவாங்க." பிள்ளைகள் எல்லாம் என்னைத் தாண்டிப் படத்தைப் பார்த்தார்கள். நான் தெரிந்தே ஓர் அடி நகர்ந்து படத்துக்கு முன்னால் நின்றுகொண்டேன். காவலாளிக்கு எங்கேயும் நிற்க உரிமை உண்டு. டீச்சர் மரியாதையாகத்தான் சொன்னார்: "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நீங்க திருடனை மறைக்கீங்க."

மயிலைக் காளைகள்

ஓர் அட்டைக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். என்னையும் அந்தப் பெயர் சொல்லித்தான் சந்தையிலிருந்து அனுப்பினார்கள். அதைச் சொல்லாமல் மேலே போனால் உங்களுக்கு விளங்காது.

இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், இளையரசனேந்தல் கோவிந்தசாமி ஒரு ஜோடி மயிலைக் காளை விற்க வந்தார். சாம்பல் நிறத்தில், கொம்பு சீவினது போல, பார்த்தால் கண் எடுக்க முடியாத ஜோடி. அவருக்கு நான் தரகு. வாங்குகிறவருக்குத் தரகு புளியங்குடி சீனிப்பாண்டி. நானும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். துண்டைப் போட்டோம். ரொம்ப நேரம் இழுத்துப் பறித்து, கடைசியில் அவன் ஒரு விரல் பிடித்தான், கை முழுக்கப் பிடித்தான், பிறகு மூன்று விரல் பிடித்தான். பதினெட்டு. நானும் அதையே திருப்பிப் பிடித்தேன். அதுதான் முடிந்ததற்கு அடையாளம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோவிந்தசாமியிடம் "பதினெட்டு" என்றேன். அவர் காளைகளின் கயிற்றை மாற்றிக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கம் கயிறு கைமாறினால் பேச்சு முடிந்தது.

வந்தது பதினேழு. சீனிப்பாண்டி கூசாமல் "கடைசியில ரெண்டு விரல்தான் பிடிச்சேன்" என்றான். தரகுக் கூலிக்காக ஓர் ஆயிரத்தைக் கூட்டிச் சொல்லி நான் கயிற்றைப் பறித்ததாகக் கோவிந்தசாமி நினைத்தார். "திருட்டுப் பயலே" என்று நடுச்சந்தையில் சொன்னார். அடுத்த வாரத்திலிருந்து ஒருத்தரும் என் கையில் கயிறு கொடுக்கவில்லை. கயிறு இல்லாத தரகன் சந்தையில் வெயில் காயத்தான் லாயக்கு. தொழிலை விட்டேன். ரைஸ்மில் வாட்ச்மேன் ஆனேன், மண்டப வாட்ச்மேன் ஆனேன், கடைசியில் இங்கே வந்து நிற்கிறேன். அன்றைக்குச் சீனிப்பாண்டியின் சட்டையைப் பிடித்து "சொல்லுலே உண்மையை" என்று கேட்டபோது, அவன் என் கையை விலக்கிவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "துண்டுக்குள்ள நடந்ததுக்கு யாரைவே சாட்சி கூப்பிடப்போறீரு?"

ஆதாரம்

போன வருஷம், அருங்காட்சியகத்தைப் பற்றிப் புத்தகம் போடுவதாக அறக்கட்டளை முடிவு செய்தது. மேல் அட்டையில் இந்தப் படம். உள்ளே அதே விளக்கம். அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்க மதுரையிலிருந்து ஒரு பேராசிரியை அம்மா வியாழக்கிழமை வருகிறார் என்று செண்பகம் சொன்னாள். சுவரில் இருக்கிற அட்டையை என்றைக்காவது மாற்றலாம். அச்சில் ஏறினதை எங்கே போய் அழிப்பது? படத்து மைக்கும் அச்சு மைக்கும் அதிலே வித்தியாசம் இல்லை.

மறுபடியும் காப்பாளரிடம் போனேன். இந்தத் தடவை உட்காராமல், குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாகச் சொன்னேன். "எல்லாம் வாய்மொழி. ஆதாரம் வேணும். துணிக்குள்ள விரலைத் தடவி விலை பேச முடியும்னு யார் நம்புவாங்க? எழுத்துல ஏதாவது இருந்தாக் கொண்டு வாங்க" என்றார். துண்டுக்குள் பேசுவதே எழுத்தும் பேச்சும் வேண்டாம் என்றுதான். அதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்கிறார், இரண்டு எம்.ஏ.

செண்பகத்திடம் புலம்பினேன். "செஞ்சு காட்டுங்களேன் அண்ணாச்சி. அந்தம்மா கண்ணால பார்த்தா நம்பாமலா போவாக?" என்றாள். செய்து காட்ட இன்னொரு கை வேண்டுமே. எங்களோடு துண்டு போட்டவர்களில் மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். குருவிகுளத்து ஆளுக்கு வாதம், விரல் மடங்காது. மிச்சம் இருப்பது ஒருத்தன்தான். அவன் பெயரை நான் இருபத்தொரு வருஷமாக வாயால் சொன்னதில்லை. பஸ்ஸில் புளியங்குடி போர்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் நான். செண்பகம் டிக்கெட் கட்டைத் தட்டி அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "படத்துல நிக்கவனோட மானத்தைக் காப்பாத்தணுமா, உங்க கோவத்தைக் காப்பாத்தணுமா? நீங்களே முடிவு பண்ணிக்கிடுங்க, ரெண்டும் ஒண்ணா முடியாது."

சர்பத்

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் புளியங்குடி பஸ் ஏறினேன். அங்கே எலுமிச்சை மண்டியில் அவன் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். குவியல் குவியலாகப் பழம். ஊரே புளிப்பு வாசம். சீனிப்பாண்டி ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து பெரிசு வேறு, சிறிசு வேறாகப் பிரித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. எனக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் திருப்தியாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

"வாரும்" என்றான், நேற்றுப் பார்த்தவனைப் போல.

"நான் ஒறவு கொண்டாட வரல" என்றேன்.

"நானும் கூப்பிடலயே. விசயத்தச் சொல்லும்."

படத்தைப் பற்றிச் சொன்னேன். திருடன் என்று எழுதியிருப்பதைச் சொன்னதும் அவன் கையிலிருந்த பழம் அப்படியே நின்றுவிட்டது. "தரகனையா? துண்டு போட்டு நிக்கவனையா?" என்று இரண்டு தடவை கேட்டான். "ஒரு நாளைக்கு வந்து கையக் கொடு. அதுக்கு மேல உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல" என்றேன். "வாரேன்" என்றான். உடனே ஆள் அனுப்பி எனக்கு ஒரு சர்பத் வாங்கிவரச் சொன்னான். "எனக்கு வேண்டாம்" என்று எழுந்துவிட்டேன். நல்ல வெயில், நாக்கு வறண்டுபோயிருந்தது. ஆனாலும் அவன் கையால் வேண்டாம். அவன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்: "என் சர்பத்தக் குடிச்சா உம்ம கோவம் கெட்டுப்போயிருமாவே?"

பேசி முடிந்த விலை

வியாழக்கிழமை. மூன்றாவது அறையில் பேராசிரியை அம்மா, காப்பாளர், செண்பகம். அன்றைக்கு வாசலில் டிக்கெட் கொடுக்க ஆளே இல்லை. சீனிப்பாண்டி சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான், தோளில் சலவைத் துண்டு. முதலில் படத்தின் முன்னால் போய் நின்றான். "முன்னால நிக்க காளைக்குப் பாடைச்சுழி இருக்கு. இத வாங்குனவன் வெளங்கியிருக்கமாட்டான்" என்றான். முதுகுத்தண்டு ஓரத்தில் மயிர் சுழித்திருப்பதை வரைந்தவன் அவ்வளவு நுணுக்கமாகக் கோடு போட்டிருக்கிறான். எனக்குத் தெரியும், இத்தனை வருஷமும் சொல்ல ஆள் இல்லாமல் வைத்திருந்தேன். பேராசிரியை அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுழியைக் குனிந்து பார்த்தார்.

காப்பாளர், "ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சிருக்கலாம் மேடம்" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டு, ஒரு துண்டுத்தாளில் எதையோ எழுதி எனக்கு மட்டும் காட்டினார். இருபத்துமூன்று. துண்டைப் போட்டோம். இருபத்தொரு வருஷத்துக்குப் பிறகு அவன் கை. கயிறு பிடித்த காய்ப்பு போய், பழச்சாறு பட்டுப் பட்டுத் தோல் உரிந்து கிடந்தது. இரண்டு விரலைப் பிடித்தேன், விட்டேன், மூன்றைப் பிடித்தேன். துண்டை எடுப்பதற்கு முன்பே "இருவத்தி மூணு" என்றான். இன்னொரு தாள்; பதினாறு. சொன்னான். இன்னொரு தாளை அவனுக்குக் காட்டச் சொன்னேன். அவன் பிடித்தான், நான் சொன்னேன். காப்பாளர் எங்கள் முகத்தையும் சுவரில் இருந்த முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். செண்பகம் அவர் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

"இப்ப நிஜமாவே ஒரு பேரம் பேசுங்க. அந்தப் படத்துல உள்ள மாட்டையே பேசுங்க. முடிஞ்ச விலையை ஆளுக்கொரு தாள்ல தனித்தனியா எழுதுங்க" என்றார் அந்த அம்மா. மறுபடியும் துண்டைப் போட்டோம். நான் நாற்பதில் ஆரம்பிக்கலாம் என்று நாலு விரலுக்குத் தயாரானேன். அவன் முந்திக்கொண்டான். ஒரு விரலைப் பிடித்தான். பிறகு கை முழுக்கப் பிடித்தான். பிறகு மூன்று விரலை, மெதுவாக, ஒவ்வொன்றாக, எண்ணுகிற மாதிரி பிடித்தான். விடவில்லை. இந்தக் காலத்தில் கன்றுக்குட்டி கூட வராதே என்று யோசித்து அவன் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. தரகன் முகம் அப்படித்தான் இருக்கும். ஆனால் துண்டுக்குள் அந்த மூன்றையும் இன்னொரு தடவை அழுத்தினான். எனக்கு விளங்கிவிட்டது. ஒன்று, ஐந்து, மூன்று என்று திருப்பிப் பிடித்தேன்.

ஆளுக்கொரு மூலையில் எழுதினோம். இரண்டு தாளிலும் 18. காப்பாளர் இரண்டையும் எட்டி எட்டிப் பார்த்தார். நான் அவரைக் கவனிக்கவில்லை. சீனிப்பாண்டியின் தாளை அவனிடமே நீட்டி, "கீழ கையெழுத்தப் போடும்வே" என்றேன். போட்டான். நான் கேட்காமலேயே, அதற்கு மேலே 'மயிலை ஜோடி, பதினெட்டாயிரம்' என்று கோணல் மாணலாக எழுதிக் கொடுத்தான். பேராசிரியை அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்த விலைக்கு இன்னைக்கு மாடு கிடைக்குமா?" என்று கேட்டார். சீனிப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான்: "இது இன்னைக்குப் பேசுன வெலை இல்லம்மா, அன்னைக்கே முடிஞ்ச வெலை."

கயிறு

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அவனே சொன்னான். மயிலை ஜோடியை வாங்கினவர் அப்போது அவனுக்குச் சம்பந்தியாகப் போகிறவர். பதினேழுக்கு மேல் போகாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். காளைகளைப் பார்த்ததும் தரகன் கை பதினெட்டைப் பிடித்துவிட்டது. சம்பந்தியைப் பார்த்ததும் வாய் பதினேழு என்றுவிட்டது. நான் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் பஸ் வரும்வரை கூட நின்றேன்.

மறுநாள் அந்தத் தாளை மூன்று ஜெராக்ஸ் எடுத்தேன். ஒன்றைக் காப்பாளர் மேஜையில் வைத்து, "எழுத்துல கேட்டீங்களே சார்" என்றேன். ஒன்று என் பெட்டியில். மூன்றாவதை எடுத்துக்கொண்டு இளையரசனேந்தல் போனேன். கோவிந்தசாமி தொழுவத்தில் நின்றார். எண்பதை நெருங்கிவிட்டார், ஆனாலும் என்னைத் தெரிந்தது. "என்னல இந்தப் பக்கம்?" என்றார். தாளை நீட்டினேன். கண் தெரியவில்லை என்று மருமகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அந்தப் பெண் "மயிலை ஜோடி, பதினெட்டாயிரம், சீனிப்பாண்டி" என்று வாசித்தாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு தாளை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் காளை ரெண்டும் செத்து எத்தனையோ வருசமாச்சு. நீ இன்னுமா பிடிச்சுக்கிட்டு நிக்கே?" என்றார்.

"நீங்க சொன்ன வார்த்தை சாகலயே" என்றேன்.

உள்ளே போய்ச் சாப்பாடு போடச் சொன்னார். மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வீட்டில் எனக்கு இருபத்தொரு வருஷத்துச் சாப்பாடு பாக்கி இருந்தது. கை கழுவிவிட்டு வந்தால், தொழுவத்திலிருந்து ஒரு செவலைப் பசுவை அவிழ்த்து வைத்துக்கொண்டு நிற்கிறார். கயிற்றை என் கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கி மூடிவிட்டுச் சொன்னார்: "இந்தா பிடி, இத நீதான் வித்துத் தரணும். இந்தத் தடவ வாயால பேசு, துண்டு வேண்டாம்."

புது அட்டை

புத்தகம் வந்துவிட்டது. சுவரிலும் அட்டை மாறிவிட்டது: 'மாட்டுச் சந்தை. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகர்கள். தாளில் இந்திய மை. விளக்கம் தந்தவர்கள்: சீனிப்பாண்டி, பெருமாள்சாமி.' பள்ளிக்கூடப் பிள்ளைகள் இப்போது அதன் முன்னால் நின்று ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக் கைக்குட்டையைப் போட்டுப் பார்க்கிறார்கள். அந்த டீச்சர் மறுபடி வந்தபோது நானாகவே தள்ளி நின்றேன். செவலைப் பசுவை நல்ல விலைக்கு விற்றுக் கொடுத்தேன், நடுச்சந்தையில், ஊருக்கே கேட்கிற குரலில்.

காப்பாளர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, மாட்டின் வாயைப் பிளக்கிறவன் எத்தனை பல் எண்ணுகிறான் என்று கேட்டார். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார், முதல் தடவை. நான் சொன்னேன், முழுதாகச் சொல்லவில்லை. பாதியை அடுத்த தடவைக்கு வைத்திருக்கிறேன். பிறகு நான் ஒன்று கேட்டேன்: அட்டையில் அவன் பெயர் ஏன் என் பெயருக்கு முன்னால் வந்தது? "அகரவரிசை அண்ணாச்சி, ச முதல்ல, ப பிறகு" என்றார். இதற்கா இரண்டு எம்.ஏ.? கவுன்டருக்கு வந்து செண்பகத்திடம் அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அடுத்த இருபத்தொரு வருசத்துக்கு ஒண்ணு கெடச்சிட்டு, சந்தோசமா இருங்க அண்ணாச்சி."

மாட்டின் பல்லையும் மனிதர்களின் முதுகையும் வருஷக்கணக்கில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஜெயித்த பிறகும் ஒரு சின்னக் கோபத்தை மிச்சம் வைத்துக்கொண்டால் நின்றே பிழைக்கிறவனுக்குச் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறது.